விலங்கு மூளையில் நீரின் விரவலை எம்ஆர்ஐ மூலம் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு விலங்குகளுக்கான எம்ஆர்ஐ அறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இயற்பியல் படித்தவர்கள் உயிரியல் பக்கம் தடுமாறுகிறார்கள். உயிரியல் படித்தவர்கள் காந்தத்தைக் கண்டு தயங்குகிறார்கள். இரு தரப்பையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

விரவல் என்றால் என்ன? இரத்த ஓட்டத்தைப் போன்றதா?

இல்லை. ஒரு குவளை நீரை ஆடாமல் அசையாமல் வைத்தாலும், உள்ளே மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதிக்கொண்டே இருக்கின்றன. வெப்பம் கொடுக்கும் ஆட்டம் அது. அதற்குத் திசை கிடையாது. 1827-இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் நீரில் துள்ளுவதை நுண்ணோக்கியில் கண்டார். 1905-இல் ஐன்ஸ்டைன் அந்தத் துள்ளலுக்குக் கணக்கு எழுதினார். தூரத்தின் வர்க்கச் சராசரி நேரத்தோடு நேர்விகிதத்தில் வளரும் என்பதே அதன் சாரம். இரண்டு மடங்கு தூரம் பரவ நான்கு மடங்கு நேரம் ஆகும்.

நீர் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண் விரவல் கெழு. 37 டிகிரி செல்சியஸில் தூய நீருக்கு அது மில்லிவிநாடிக்குச் சுமார் 3 சதுர மைக்ரோமீட்டர். 50 மில்லிவிநாடியில் ஒரு மூலக்கூறு ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரோமீட்டர் விலகியிருக்கும். அதே நீர் உயிருள்ள மூளைத் திசுவுக்குள் இருந்தால் கெழு 0.7 அல்லது 0.8 அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் 8 மைக்ரோமீட்டரைத் தாண்டுவதே பெரிது. நீர் மாறவில்லை, அதைச் சுற்றியிருப்பவைதான் வேறு. செல் சவ்வுகள், நரம்பிழைகள், அவற்றைச் சுற்றிய மையலின் என்னும் கொழுப்பு உறைகள், புரதங்கள் எல்லாம் வழியை மறிக்கின்றன. எத்தனை தூரம் நகர முடியவில்லை என்பதைக் கொண்டு மறிப்பது எது என்று ஊகிப்பதே இந்தத் துறையின் வேலை.

அவ்வளவு சிறிய அசைவை எம்ஆர்ஐ எப்படிக் காண்கிறது? படத்தின் ஒரு புள்ளியே அதைவிடப் பெரியதாயிற்றே?

எந்த மூலக்கூறையும் எம்ஆர்ஐ தனியாகப் பார்ப்பதில்லை. கூட்டத்தின் ஒழுங்கு எவ்வளவு குலைந்தது என்பதைத்தான் பார்க்கிறது.

நீரிலுள்ள ஒவ்வொரு புரோட்டானிடமும் ஒரு கடிகார முள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லா முட்களும் பன்னிரண்டைக் காட்டுகின்றன. இப்போது காந்தப்புலத்தில் ஒரு சரிவை ஒரு கணம் உண்டாக்குகிறோம்: ஒரு பக்கம் புலம் சற்று வலுவாகவும் மறுபக்கம் சற்று மெலிந்தும் இருக்கும். எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு முள்ளும் திரும்பிவிடும். சிறிது நேரம் கழித்து, அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும்படி இரண்டாவது சரிவுத் துடிப்பைக் கொடுக்கிறோம். நின்ற இடத்திலேயே நின்ற புரோட்டானின் முள் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்துவிடும். இடையில் நகர்ந்துவிட்டதோ வேறிடத்தின் அளவுக்குத் திருப்பப்படுவதால் பன்னிரண்டுக்குத் திரும்பாது. ஒரு வாக்ஸலில், அதாவது படத்தின் ஒரு கனப் புள்ளியில், கோடானுகோடி முட்கள் இருக்கின்றன. அவை ஒரே பக்கம் காட்டினால் சமிக்ஞை வலுவாக வரும், ஆளுக்கொரு பக்கம் காட்டினால் மெலிந்துவிடும்.

முட்கள் மீண்டும் ஒன்றுசேரும்போது வரும் சமிக்ஞையான எதிரொலியை விரவல் மெலியச் செய்கிறது என்பதை எர்வின் ஹான் 1950-இலேயே குறிப்பிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் இரட்டைத் துடிப்பு முறையை ஸ்டேஸ்கலும் டேனரும் 1965-இல் தந்தார்கள். 1980-களின் நடுவில் டெனி லெ பியான் போன்றோர் அதை மூளைப் படமாக்கினார்கள்.

நீர் தாராளமாக நகரும் இடம் விரவல் படத்தில் கறுப்பாகத் தெரியும், தடைபட்ட இடம் வெளிச்சமாகத் தெரியும். கெழுவைக் கணக்கிட்டு வரையும் வரைபடத்தில் இது தலைகீழாகிவிடும். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்ட பிறகே பேசத் தொடங்குங்கள்.

பி மதிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன? எவ்வளவு வைப்பது?

விரவலுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுத்துப் படமெடுக்கிறோம் என்பதைச் சொல்லும் எண் அது. சரிவின் வலிமை, துடிப்பு நீடிக்கும் நேரம், இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அலகு, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை விநாடி. பி மதிப்பையும் விரவல் கெழுவையும் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏற்ப சமிக்ஞை அடுக்குக்குறி வீதத்தில் குறையும்.

பி மதிப்பு 1000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் கெழுவுக்கு வைத்த அலகோடு பெருக்கும்போது அது 1 ஆகும். கெழு 0.7 உள்ள நல்ல திசுவில் சமிக்ஞை பாதியாகும். கெழு 3 உள்ள மூளைத் தண்டுவடத் திரவத்தில் 5 விழுக்காடுதான் மிஞ்சும். இரத்தம் தடைபட்டுக் கெழு 0.4-க்கு இறங்கிய திசுவில் 67 விழுக்காடு நிற்கும். திரவம் கறுத்து, பாதிக்கப்பட்ட திசு பளிச்சென்று தெரிவதற்கு இந்த மூன்று எண்களே காரணம்.

உயிருள்ள விலங்கின் மூளைக்கு 1000-ஐ ஒட்டியும், இறந்த பின் ஃபார்மலினில் பதப்படுத்திய மூளைக்கு 2000 முதல் 4000 வரையோ அதற்கு மேலோ வைப்பது வழக்கம். பதப்படுத்திய திசுவில் நீர் மெதுவாக நகர்வதால், கூடுதல் அழுத்தம் இல்லாமல் வேறுபாடு தெரியாது.

மருத்துவமனையில் மனிதர்களுக்கு உள்ள இயந்திரத்திலேயே சுண்டெலியைப் படமெடுக்க முடியாதா?

எடுக்கலாம். பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. மனித மூளை சுமார் 1,400 கிராம். சுண்டெலியின் மூளை அரை கிராமைத் தொடாது. மனிதருக்கு 2 மில்லிமீட்டர் வாக்ஸல் போதும். சுண்டெலியில் கார்பஸ் கலோசம் என்னும் இணைப்புப் பட்டையின் தடிமனே அந்த அளவுக்கு வராது. அதனால் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குப் பதில் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ளதை எடுத்தால், உள்ளே இருக்கும் நீர் 8,000-இல் ஒரு பங்காகிவிடும். சமிக்ஞையும் அதே பங்குக்கு இறங்கும். 7, 9.4, 11.7 டெஸ்லா போன்ற வலுவான காந்தங்களும், தலையை ஒட்டி அமர்ந்து சமிக்ஞையைப் பிடிக்கும் சின்னக் காயில்களும் (கம்பிச் சுருள்களும்), சில இடங்களில் இரைச்சலைக் குறைக்கக் குளிரூட்டப்பட்ட காயில்களும் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

காந்தத்தைவிட நான் பெரிதாக மதிப்பது புலச் சரிவை உண்டாக்கும் சரிவுக் காயிலைத்தான். சாதாரண மருத்துவமனை இயந்திரத்தின் சரிவு மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. சிறு விலங்கு இயந்திரங்களில் அது 400-ஐ எளிதாகத் தாண்டும், சிலவற்றில் 1,000-ஐத் தொடும். பி மதிப்பு சரிவின் வர்க்கத்தோடு வளர்கிறது. துடிப்பின் நீளம் 4 மில்லிவிநாடி, இடைவெளி 10 மில்லிவிநாடி என்று வைத்தால், 400 மில்லிடெஸ்லா சரிவில் பி மதிப்பு 1,590-ஐ ஒட்டி வரும். அதே நேரங்களோடு 40 மில்லிடெஸ்லாவில் 16 கூட வராது! வலிமை குறைந்த இயந்திரம் அந்தப் பற்றாக்குறையைத் துடிப்பை நீட்டித்தான் சரிக்கட்ட வேண்டும். நீட்டிய நேரத்துக்குள் சமிக்ஞையே தேய்ந்துவிடும். உயர்ந்த காந்தப்புலத்தில் அந்தத் தேய்மானம் இன்னும் வேகம்.

மனித மூளையையே அளக்கலாமே, விலங்குகள் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்த அறைக்குள் யாரும் வரக் கூடாது என்பது என் எண்ணம்.

விரவல் கெழு குறைந்தது என்று மட்டுமே எம்ஆர்ஐ சொல்லும். ஏன் குறைந்தது என்பதைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துத்தான் அறிய முடியும். இன்று படமெடுத்த மூளையை நாளை வெட்டி, சாயமிட்டு, அதே இடத்தில் ஆக்ஸான்களை (நரம்பிழைகளை) எண்ணிப் பார்ப்பது உயிருள்ள மனிதரில் நடக்காத காரியம். காயம் நேர்ந்த நிமிடம், நோயின் மரபணு, விலங்கின் வயது எல்லாம் நமக்குத் தெரிந்திருக்கும். மனித மூளைப் படங்களைப் படிக்க நாம் வைத்திருக்கும் அகராதியின் பெரும்பகுதி இப்படி விலங்குகளிடமிருந்து கிடைத்தது. அதனால்தான் கவனக்குறைவால் வீணாகும் ஒவ்வொரு அளவீடும் எனக்கு மனவருத்தம் தருகிறது. அங்கே வீணாவது இயந்திர நேரம் மட்டும் அல்ல.

எண்ணிக்கையைக் குறைப்பது, மாற்று வழி இருந்தால் அதை நாடுவது, துன்பத்தைத் தணிப்பது என்ற மூன்று நெறிகள் 1959 முதல் இத்துறைக்கு அடிப்படை. உயிருடன் திரும்பத் திரும்பப் படமெடுக்க முடிவதால், ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி விலங்குகளைப் பலியிடாமல் ஒரே விலங்கைப் பல வாரங்கள் தொடரலாம். எண்ணிக்கையைக் குறைக்க எம்ஆர்ஐ உண்மையாகவே உதவுகிறது.

பக்கவாதத்தோடு இந்த அளவீட்டுக்கு என்ன தொடர்பு?

இத்துறை மருத்துவத்துக்குள் நுழைந்ததே அந்தக் கதவு வழியாகத்தான். 1990-இல் மைக்கேல் மோஸ்லியும் உடன் பணியாற்றியவர்களும் பூனைகளில் நடு மூளைத் தமனியை அடைத்துப் பார்த்தார்கள். அடைப்பு நேர்ந்த 45 நிமிடங்களிலேயே விரவல் படத்தில் அந்தப் பகுதி வெளிச்சமாகத் தெரிந்தது. சமிக்ஞை தேயும் வேகத்தைக் காட்டும் வழக்கமான டி2 படத்தில் தெளிவாகத் தெரிய 2, 3 மணி நேரம் ஆனது. பக்கவாத நோயாளியைச் சிகிச்சைக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

நீர் ஏன் மெதுவாகிறது என்பதற்கு இன்னும் ஒற்றை விடை கிடைக்கவில்லை. இரத்தம் நின்றால் சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஆற்றலின்றி நின்றுவிடுகின்றன. சோடியமும் நீரும் செல்லுக்குள் புகுந்து செல் வீங்குகிறது. சாதாரணமாக மூளையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளி; அது வெகுவாகச் சுருங்கி, எஞ்சியிருக்கும் நீர் நெருக்கடியான சந்துகளில் வளைந்து வளைந்து போக வேண்டியதாகிறது. நரம்பிழைகள் மணிகள் கோத்தது போல இடையிடையே உப்பிக் குறுகுவதும் நீரை மறிக்கிறது என்று 2010-இல் காட்டினார்கள். என் பார்வையில் இவை ஒன்றையொன்று மறுக்கும் விளக்கங்கள் அல்ல. எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கின்றன, எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் விவாதம். அடைப்பை விரைவாக நீக்கினால் குறைந்த கெழு மீண்டும் உயர்வதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே வெளிச்சமாகத் தெரிகிற இடமெல்லாம் செத்த திசு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

டென்சர் என்பது எதற்கு? குறைந்தது ஆறு திசைகள் வேண்டும் என்கிறார்களே?

மூளையில் நரம்பிழைகள் நிறைந்த பகுதியான வெண்பொருளில் அவை கற்றைகற்றையாக ஒரே திசையில் ஓடுகின்றன. இழையின் போக்கில் நீர் எளிதாக நகரும், குறுக்கே நகரத் திணறும். அதனால் எந்தத் திசையில் சரிவைக் கொடுத்து அளக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். இதையே திசைச்சார்பு என்கிறோம். ஒரே திசையில் அளந்த கெழுவை வைத்துக்கொண்டு இரண்டு விலங்குகளை ஒப்பிட்டால், தலை சற்றுச் சாய்ந்திருந்ததைக்கூட நோய் என்று நினைத்துவிடுவீர்கள்.

1994-இல் பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மட்டியெல்லோ, லெ பியான் மூவரும் இதற்கு டென்சர் என்ற கணித வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வாக்ஸலிலும் நீர் பரவும் வடிவத்தை முட்டை போன்ற ஒரு நீள்வட்டத் திண்மமாகக் கற்பனை செய்யுங்கள். அதன் நீள அகலங்களையும் சாய்வையும் சொல்ல ஆறு எண்கள் தேவை. அதனால்தான் குறைந்தது ஆறு திசைகளும், சரிவே இல்லாத ஒரு படமும் வேண்டும். ஆறு என்பது கணக்குக்குப் போதும். இரைச்சல் உள்ள உண்மையான தரவுக்குப் போதாது. 30 திசைகளாவது எடுங்கள். நேரம் போதாவிட்டால் பிரிதிறனைச் சற்று விட்டுக்கொடுத்தாவது திசைகளைக் காப்பாற்றுங்கள் என்றே நான் சொல்வேன்.

திசைச்சார்பு மையலின் உறையால் வருவதுதானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆய்வுரைகளில்கூட இது நிரூபிக்கப்பட்டதுபோல் எழுதப்படுகிறது. இதைத் திருத்திய சோதனை ஒரு மீனிடமிருந்து வந்தது. கார் என்னும் நீள்மூக்கு மீனின் முகர்வு நரம்பில் மையலின் கிடையாது. 1994-இல் கிறிஸ்டியன் பொலியூவும் பீட்டர் ஆலனும் அந்த நரம்பை அளந்தபோது, மையலின் உள்ள நரம்புக்கு நிகரான திசைச்சார்பு அதிலும் இருந்தது. ஒரே திசையில் அடுக்கப்பட்ட ஆக்ஸான் சவ்வுகளே போதும். மையலின் அதன் அளவைக் கூட்டிக் குறைக்கிறது.

மையலின் அடிப்படைப் புரதம் இல்லாமல் பிறந்து உடல் நடுங்கும் ஒரு சுண்டெலி வகை உண்டு. அதன் வெண்பொருளிலும் திசைச்சார்பு இருக்கிறது. இழைக்குக் குறுக்கே நீர் நகர்வது மட்டும் கூடியிருக்கிறது. இதைக் கொண்டு, குறுக்கு விரவல் கூடினால் மையலின் சேதம், நெடுக்கு விரவல் குறைந்தால் ஆக்ஸான் சேதம் என்ற வாய்ப்பாடு புழக்கத்துக்கு வந்தது. பார்வை நரம்பு போல ஒரே போக்கில் ஓடும் சுத்தமான கற்றையில் அது பொருந்தும். வீக்கமும் அழற்சியும் குறுக்கிடும் கற்றைகளும் கலந்த இடத்தில் பொருந்தாது.

திசைச்சார்பு எண் குறைந்தால் மூளை பழுதுபட்டது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. எஃப்ஏ எனப்படும் அந்த எண் 0 முதல் 1 வரை ஓடும். 0 என்றால் எல்லாத் திசையிலும் ஒரே விரவல். இரண்டு கற்றைகள் ஒரே வாக்ஸலில் குறுக்கிட்டால், இரண்டுமே நல்ல நிலையில் இருந்தாலும் எண் சரியும். வளரும் மூளையின் மேலடுக்கான புறணியில் நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. பிறந்த பொழுதில் அங்கே திசைச்சார்பு தெளிவாகத் தெரியும். நரம்பணுக்கள் கிளை விரிக்க விரிக்க அது குறையும். அங்கே எண் சரிவதுதான் ஆரோக்கியமான வளர்ச்சி.

உயிருள்ள விலங்கா, பதப்படுத்திய மூளையா? எதை அளப்பது நல்லது?

மாற்றத்தைக் காலப்போக்கில் தொடர வேண்டுமானால் உயிருடன். நுணுக்கமான அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் பதப்படுத்தியது. பதப்படுத்திய மூளை மூச்சு விடாது, அசையாது, இரவு முழுவதும் காந்தத்துக்குள் கிடக்கும். 0.05 மில்லிமீட்டர் வாக்ஸலும் எட்டும் தூரத்தில்தான். ஆனால் அதில் கிடைக்கும் கெழு உயிருள்ள மூளையின் கெழுவில் பாதியோ அதற்கும் கீழோ இருக்கும். இறப்பு, ஃபார்மலின், குளிர்ந்த அறை ஆகிய மூன்றும் சேர்ந்து இழுத்த வீழ்ச்சி அது. திசைச்சார்பு பெரும்பாலும் தங்கிவிடும். இரண்டு வகைத் தரவையும் ஒரே வரைபடத்தில் போட்டு எண்களை நேராக ஒப்பிடுவது தவறு.

பதப்படுத்திய மூளையை எப்படித் தயார் செய்வது?

பொறுமையாக. விலங்கு ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே இதயம் வழியாக முதலில் உப்புக் கரைசலையும் பின்பு 4 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு கரைசலையும் (ஃபார்மலின்) செலுத்துவார்கள். இறந்த பின் தாமதமானால் திசு தானாகச் சிதையத் தொடங்கும். பிறகு எவ்வளவு நல்ல இயந்திரமும் அதை மீட்காது. சுண்டெலி மூளையை மண்டையோட்டிலிருந்து எடுக்காமலே அளப்பது எனக்குப் பிடித்த முறை. முகர்வுக் குமிழ்கள் அப்படியே இருக்கும், புறணியில் கீறல் விழாது.

அடுத்து, ஃபார்மலினைக் கழுவ வேண்டும். அது திசுவில் தங்கியிருந்தால் சமிக்ஞை விரைவில் தேய்ந்துவிடும். அமிலத்தன்மை சீரான உப்புக் கரைசலில் ஒரு நாளாவது, பெரிய மூளையானால் மேலும் சில நாட்கள், கரைசலை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். காடோலினியச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் அளவீடு வேகமாகும்.

கடைசி வேலைதான் கையைச் சோதிப்பது. மூளையைச் சோதனைக் குழாய்க்குள் வைத்து, ஹைட்ரஜன் இல்லாத ஃப்ளூரின் எண்ணெயால் நிரப்ப வேண்டும். ஹைட்ரஜன் இல்லாததால் எண்ணெய் படத்தில் தெரியாது, பின்னணி கறுப்பாக இருக்கும். ஆனால் அந்த எண்ணெய் நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கனமானது. மூளை குபீரென்று மேலே மிதந்துவிடும். அடியில் அழுத்திப் பிடிக்கப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை முன்பே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையிலான பள்ளத்தில் காற்றுக் குமிழ் ஒன்று ஒளிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே குழாயைப் பிடித்துச் சுழற்றினால் வெள்ளிப் பொட்டுப் போல மின்னும். கடுகளவு குமிழ்கூடச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைத்துப் படத்தில் பெரிய கறுப்புக் குழியை உண்டாக்கும். மென்மையான வெற்றிடத்தில் சிறிது நேரம் வைத்து, குழாயை விரலால் தட்டித் தட்டி அதை வெளியேற்றுங்கள். அவசரப்படாதீர்கள். இந்த அரைமணி நேரம் பின்னால் பல இரவுகளைக் காப்பாற்றும்.

வெப்பநிலையை இவ்வளவு வலியுறுத்துவது ஏன்?

ஒரு டிகிரி கூடினால் நீரின் விரவல் 2 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. நோயால் வரும் என்று நாம் தேடும் வேறுபாடே பல சமயம் 5 விழுக்காடுதான். இரண்டு டிகிரி தவறினால் கண்டுபிடிப்பு வந்துவிட்டதாகத் தோன்றும்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். ஓர் எலி மூளையை இரவு முழுவதும் அளந்தேன். காலையில் பார்த்தால், வரிசையில் கடைசியாக எடுத்த திசைகளிலெல்லாம் விரவல் கூடியிருந்தது. டென்சர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திசைச்சார்பு குறைவாக இருக்க வேண்டிய சாம்பல்பொருளில்கூட (நரம்பணுக்கள் நிறைந்த பகுதி) அது தெரிந்தது. இரண்டு நாள் மென்பொருளைச் சந்தேகித்தேன். பிறகுதான் புரிந்தது: சரிவுக் காயில் ஓடி ஓடிச் சூடேறி, குழாயையும் சூடாக்கியிருக்கிறது. அன்று முதல், உண்மையான அளவீட்டுக்கு முன் ஒரு மணி நேரம் அதே துடிப்புகளை ஓடவிட்டு வெப்பத்தை நிலைப்படுத்துகிறேன். திசைகளின் வரிசையைக் கலைத்துப் போடுகிறேன். சரிவில்லாத படங்களைத் தொடக்கத்தில் மட்டும் எடுக்காமல் இடையிடையே தூவி வைக்கிறேன்.

உயிருள்ள விலங்கைப் படமெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அதற்கு வலிக்குமா?

அளவீட்டில் வலி எதுவும் இல்லை. விலங்கு ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் இருக்கும். முன்பற்கள் ஒரு கம்பியில் பொருந்தும், காதுகளின் இருபுறமும் மென்மையான பிடிப்பான்கள் தலையை நிறுத்தும். கண்கள் வறண்டுவிடாமல் களிம்பு தடவ மறக்காதீர்கள். மயக்கத்தில் இமை மூடாது. விழித்த பின் அவதிப்படுவது விலங்குதான்.

வயிற்றின் கீழே காற்று நிரம்பிய சிறு மெத்தை ஒன்று மூச்சைப் பதிவு செய்யும். சுண்டெலியின் மூச்சு நிமிடத்துக்கு 80 முதல் 100 வரை ஓடினால் நிம்மதி. மிகவும் குறைந்தால் மயக்கம் ஆழமாகிவிட்டது, கூடினால் விழிக்கப் போகிறது. மயக்க மருந்தின் அளவை அதற்கேற்ப மெல்ல மாற்றுங்கள். சிறிய உடல் என்பதால் சூடு வெகு விரைவில் வெளியேறிவிடும். சூடான காற்றோ நீர் ஓடும் மெத்தையோ கொண்டு 37 டிகிரியில் வைத்திருங்கள். விலங்கின் நலனும் எண்ணின் சரித்தன்மையும் இந்த ஓரிடத்தில் முழுமையாக ஒன்றாகின்றன. படமெடுத்து முடிந்ததும் விலங்கு எழுந்து நடப்பதைப் பார்த்த பிறகே தரவைத் திறப்பது என் வழக்கம்.

படம் வளைந்தும் பேய் நிழல் விழுந்தும் வருகிறதே?

விரைவுப் படமுறையின் விலை அது. ஒரே துடிப்பில் முழுப் படத்தையும் எடுக்கும்போது, காதுக்குழியிலுள்ள காற்று உண்டாக்கும் புலக் கோணல் படத்தை இழுத்து நீட்டிவிடும். காந்தப்புலத்தை மூளைப் பகுதிக்குள் கவனமாகச் சீராக்குங்கள். படத்தை இரண்டு நான்கு துண்டுகளாகப் பிரித்து எடுங்கள். எதிரெதிர்த் திசைகளில் ஒரு ஜோடிப் படம் எடுத்துவைத்தால் வளைவைப் பின்னால் மென்பொருளில் நிமிர்த்தலாம். வலுவான சரிவுகள் அணையும்போது எழும் சுழல் மின்னோட்டமும் படத்தை நகர்த்தும். அதற்கும் திருத்தம் உண்டு. ஆனால் மூச்சால் தலை ஆடியதை எந்தத் திருத்தமும் முழுதாகச் சரிசெய்யாது. தலையை ஒழுங்காகப் பொருத்துவதே மருந்து.

பி மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் நல்ல தகவல் கிடைக்குமா?

ஒரு கட்டம் வரை. சமிக்ஞை இரைச்சலின் மட்டத்தைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே இறங்காது, ஏனென்றால் நாம் பார்ப்பது எதிர்மறை இல்லாத அளவுகளை. அப்போது கெழு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், அதுவும் விரவல் அதிகமுள்ள திசையில்தான் மிகுதியாகக் குறையும். உங்கள் உச்ச பி மதிப்பில், கற்றையின் போக்கில் எடுத்த ஒரு படத்தைத் திறந்து, மூளைக்கும் வெளிக் கறுப்புக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பாருங்கள். தெரியவில்லை என்றால் மேற்கொண்டு செய்யும் கணக்கு எதற்கும் பயனில்லை.

டென்சருக்கு அப்பால் உள்ள மாதிரிகளைப் பயன்படுத்தலாமா?

2005-இல் வந்த கர்ட்டோசிஸ் முறையும், 2012-இல் வந்த நோடி மாதிரியும் பரவலாகப் புழங்குகின்றன. கர்ட்டோசிஸ், சமிக்ஞையின் வீழ்ச்சி எளிய அடுக்குக்குறி விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் சொல்லும். அதில் ஊகம் குறைவு. நோடி, நரம்பிழைகளின் அடர்த்தி, சிதறல் என்று உயிரியல் பெயர் சூட்டிய எண்களைத் தரும். பெயர் கவர்ச்சியானது, ஆனால் இழைக்குள் விரவல் 1.7 என்று மாதிரியே முன்கூட்டி வைத்துக்கொள்கிறது. அது உயிருள்ள மனித மூளைக்கு வைத்த எண். பதப்படுத்திய மூளைக்கு 0.6 போன்ற ஓர் எண்ணை நீங்கள்தான் மாற்றித் தர வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் மென்பொருள் குறை சொல்லாது, அழகான வரைபடத்தையே தரும்.

நரம்புப் பாதை வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்?

பெரிய கற்றைகளுக்கு நம்பலாம். ஆனால் அந்த வண்ணக் கோடுகள் ஆக்ஸான்கள் அல்ல. ஒவ்வொரு வாக்ஸலிலும் நீர் எளிதாக நகரும் திசையைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் கணினி இழுத்த கோடுகள். 0.1 மில்லிமீட்டர் வாக்ஸலில்கூடச் சுண்டெலிப் புறணியின் நூறு நரம்பணுக்கள் அடங்கும். கற்றைகள் குறுக்கிடுகின்றனவா, தொட்டுவிட்டுத் திரும்புகின்றனவா என்று நீரின் அசைவால் வேறுபடுத்த முடியாது. செய்தி எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியாது, நீர் இரு பக்கமும் ஒன்றுபோலத்தான் நகரும்.

இதையும் விலங்குகளில்தான் சரிபார்க்க முடிந்தது. குரங்குகளிலும் சுண்டெலிகளிலும் சாயமோ வைரஸோ செலுத்தி, உண்மையான ஆக்ஸான்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்துக் கோடுகளோடு ஒப்பிட்டார்கள். இருக்கும் பாதைகளை நிறையக் கண்டுபிடிக்கும்படி நிரலைத் தளர்த்தினால் இல்லாத பாதைகளும் சேர்ந்து வந்தன. பொய்ப் பாதைகளை வடிகட்டினால் மெய்யானவையும் தொலைந்தன.

என் இயந்திரம் சரியான எண்ணைத் தருகிறதா என்று எப்படி அறிவது?

ஒரு குழாயில் நீரை எடுத்து, அதைச் சுற்றி உருகும் பனிக்கட்டியை நிரப்பிச் சிறிது நேரம் விடுங்கள். பனி உருகி முடியும் வரை நீர் 0 டிகிரியிலேயே நிற்கும். அந்த வெப்பநிலையில் நீரின் விரவல் கெழு 1.1. மூன்று திசைகளிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மூன்றும் 1.1-ஐ ஒட்டி ஒன்றுபோல வந்தால் சரிவுகள் ஒழுங்காக இருக்கின்றன. ஒரு திசை மட்டும் விலகினால் அந்தச் சரிவின் அளவு தவறாகப் பதிந்திருக்கிறது. வலிமையில் ஒரு விழுக்காடு பிழை கெழுவில் இரண்டு விழுக்காடாக வரும். புதிய ஆய்வு தொடங்கும் முன்பும், இயந்திரத்தில் பழுது பார்த்த பின்பும் இதைச் செய்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

ஆய்வுரையில் எவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்?

திசுவின் வெப்பநிலை, துடிப்பின் நீளம், துடிப்புகளுக்கு இடையிலான நேரம், எல்லா பி மதிப்புகள், திசைகளின் எண்ணிக்கை, மயக்க மருந்தின் அளவு, பதப்படுத்திய மூளையானால் ஃபார்மலினில் எத்தனை நாள் கிடந்தது, எத்தனை நாள் கழுவினீர்கள் என்பவை எல்லாம். பி மதிப்பை மட்டும் எழுதிவிட்டு நேரங்களை விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 10 மில்லிவிநாடியில் நீர் 4 மைக்ரோமீட்டர்கூடப் போகாது, 50-இல் 8 வரை போகும். அந்த வேறுபாட்டில் அது சந்திக்கும் சுவர்களே வேறு. அளவீட்டிலிருந்து விலக்கிய விலங்குகளின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றையும் ஏன் விலக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அவையும் அந்தக் காந்தத்துக்குள் படுத்திருந்தவைதான்.